சாந்தம்மாவின் ஆடி மாதங்கள்

தேன்கனிக்கோட்டை,
ஹேவிளம்பி வருஷம், ஆவணி மாதம்.

சிரஞ்சீவி முனிவேலுக்கு அப்பா ராமப்பன் மனதார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மாடு கன்றுகளும் பெருமாள் புண்ணியத்தில் சுகம், பம்பாயில் உன் உடம்புக்கும் பட்டறை வேலைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும். மருமகள் சாந்தம்மாவும் சுகம் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதி வந்தேன், அது பாதிப் பொய், இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. நீ விதைத்துவிட்டுப் போன ராகி நன்றாக முளைத்திருக்கிறது. யானை இன்னும் இறங்கவில்லை, கதிர் வாங்கட்டும் என்று காட்டில் காத்திருக்கும், என்னைவிட அதற்குப் பயிர்ப் பக்குவம் தெரியும்.

உன் அத்தை நாராயணம்மா பார்த்து வைத்த பெண்ணைப் பற்றி, அப்பா சொன்னால் எனக்குச் சரி என்று நீ போட்ட கார்டு கிடைத்தது. அந்தப் பேச்சை நான் நிறுத்திவிட்டேன். ஒருத்தி இருக்க இன்னொருத்தியைக் கட்டினால் இப்போது ஜெயில் என்று கர்ணம் சொன்னார், அதற்குப் பயந்தேன் என்று நினைக்காதே, பயந்தது உண்மைதான், ஆனால் காரணம் வேறு. ஆடி முடிந்ததும் சிங்காரப்பேட்டைக்கு நான் போனது சாந்தம்மாவை அழைத்துவர அல்ல, கல்யாணமாகி நாலு வருஷம் பார்த்தாயிற்று, இனி உங்கள் பெண் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று பக்குவமாகச் சொல்லிவிட்டு வரத்தான். சம்பந்தியம்மா சரோஜம்மாள் எனக்கு முன்பே விஷயம் தெரிந்தவள் போல முதலில் இலை போட்டாள், சோறு வாயில் இருக்கும்போது கேட்டாள், கொற எம்பொண்ணுகிட்டன்னா நானே வெச்சிக்கிறேன் சம்பந்தி, ஆனா அத டாக்டரு சொல்லட்டும், ஒங்க அக்கா சொல்ல வேணாம் என்று. அவள் சோற்றைத் தின்றுகொண்டே மாட்டேன் என்று சொல்ல எந்த வாய் வரும். மறுநாளே மூவரும் பஸ் ஏறி பெங்களூருக்குப் போனோம்.

அங்கே ஒரு லேடி டாக்டர், கன்னடத்து அம்மாள், தமிழும் பேசுவார், மகா கண்டிப்பு. சாந்தம்மாவை உள்ளே அழைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். கருப்பையில் ஒரு கோளாறும் தெரியவில்லை, இரத்தம்தான் குறைவு, விரதம் என்று பட்டினி போட்டால் எப்படி இருக்கும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி இவள் புருஷன் எங்கே என்றார். பம்பாயில் என்றேன். எப்போது வருவான் என்றார். ஆடியில் லீவு போட்டு விதைப்புக்கு வருவான் என்றேன், ஏதோ நல்ல பிள்ளையைப் பெற்ற பெருமையில் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அப்போது இவள் எங்கே என்றார். ஆடியில் மாமியாரும் மருமகளும் ஒரு வாசற்படி தாண்டக் கூடாதே, தாய் வீட்டில் இருப்பாள் என்றேன். அந்த அம்மாள் பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டார். ஏன் யஜமானரே, மருந்து சீட்டு இவ பேர்ல எழுதறதா, ஒங்க பேர்ல எழுதறதா என்று கேட்டார். சரோஜம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்போ அழுகையோ எனக்குத் தெரியாது.

யோசித்துப் பார் மகனே. அந்த வழக்கம் புதுப் பெண்ணுக்கு முதல் ஆடியோடு தீர வேண்டியது. வயிற்றில் ஒன்று தங்கும்வரை ஒவ்வொரு ஆடிக்கும் போகட்டும், இல்லாவிட்டால் தோஷம் என்று நீட்டியது உன் அத்தை, தலையாட்டியது உன் அம்மா, அதே மாதத்தில் ஏர் பிடிக்க ஆள் வேண்டும் என்று உன்னை வரச்சொல்லி எழுதியது நான். குந்தாரப்பள்ளிச் சந்தையில் எவனாவது பசு சினை பிடிக்கவில்லை என்று வந்து நின்றால், காளையிடம் எப்போது விட்டாய் என்றுதான் முதலில் கேட்பேன். அந்தக் கேள்வி என் வீட்டில் எனக்குத் தோன்றவில்லை, எட்டாவது வரை படித்த மூளை.

இதோடு போயிருந்தால் சிரித்துத் தொலைக்கலாம். இந்தத் தைப் பொங்கலுக்கு நீ நாலு நாள் வந்து போனாயே, அதற்குப் பிறகு அவளுக்கு மாதம் தள்ளிப் போயிருக்கிறது, டாக்டரம்மாளிடம்தான் முதல்முதலாக வாய் திறந்தாள். பொய்யாகப் போனால் அத்தை வாயில் விழ வேண்டுமே என்று யாரிடமும் சொல்லவில்லை. மாசியில் அத்தை அவளைப் பட்டினியோடு வேண்டுதலுக்கு மலை ஏற்றினாள், நான்தான் வண்டி கட்டிக்கொண்டு போனேன். ஊர் திரும்பி இரண்டு மூன்று நாளில் எல்லாம் போய்விட்டது, துணியைத் தானே துவைத்து உலர்த்திவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறாள். அது கருவாக இருந்திருக்கலாம், மலை ஏறியதால் போனது என்று சொல்ல முடியாது, தானாகவே பல பேருக்குப் போகும் என்று டாக்டரம்மாள் திரும்பத் திரும்பச் சொன்னார். நம்பத்தான் பார்க்கிறேன். அந்த மாதம் முழுக்க அவளை மலடி என்று என் வீட்டில் சொன்னார்கள், நான் காது கேட்காதவன் போல மூக்குப்பொடி போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்த உன் அம்மா எழுந்து போய், பிள்ளை தங்க மருந்து என்று தினமும் அவளுக்கு ஊட்டிய கசப்பு உருண்டையைச் சட்டியோடு குப்பைமேட்டில் கொட்டினாள்.

டாக்டரம்மாள் சொன்னது இது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில் ஒரு வருஷமாவது சேர்ந்து இருந்த பிறகுதான் குறை என்று பேசலாம். எந்த நாட்கள் நல்ல நாட்கள் என்பதை அவளிடம் விளக்கியிருக்கிறார், பஞ்சாங்கத்து நல்ல நாள் அல்ல, அதை அவளே உனக்குச் சொல்வாள், அப்பன் எழுதினால் நன்றாக இராது. அதோடு நீயும் பம்பாயில் ஒரு ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமாம், பல வீட்டில் குறை ஆண் பக்கம் இருக்குமாம், மருந்தில் சரியாவதும் உண்டாம். வெட்கப்படாதே, என்னைப் போல மீசையை நம்பி இருந்துவிடாதே.

சாந்தம்மாவை நேராக நம் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன், இரண்டு வேளை முட்டையும் கீரையும் தின்கிறாள். உன் அறை சின்னதானாலும் சரி, ரயிலில் நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு, அவரு வரச் சொன்னாரா மாமா என்று கேட்டாள். நீ போட்ட கார்டு அவளுக்குத் தெரியும், தபால்காரன் உன் அத்தையிடம் சத்தமாகப் படித்துக் கொடுத்ததும் அவள் பக்கத்து வீடுவரை சொல்லிவிட்டாள். சொன்னான் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், இன்னும் இல்லை அம்மா என்றுதான் சொன்னேன். அதனால் மகனே இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் வேண்டாம். சாந்தம்மா பேருக்கு, கவர் ஒட்டி, உன் கையால் எழுது. அவளுக்குப் படிக்கத் தெரியும், அத்தையிடமும் என்னிடமும் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. அது வரும்வரை அவளை ரயில் ஏறச் சொல்ல எனக்கு வாய் கிடையாது.

பரிசோதனையை மறக்காதே, வேளைக்குச் சாப்பிடு. அடுத்த ஆடிக்கு நீ வர வேண்டாம், ஏருக்குக் கூலி ஆள் வைத்துக்கொள்கிறேன். உங்கள் இருவருக்கும் உன் அம்மாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ராமப்பன்