இரவுக் கட்டம்

காஞ்சிபுரம்,
8.7.2025

அன்பு மகள் மதுமிதாவுக்கு அம்மா விஜயா எழுதுவது. ஜினேந்திரர் துணையால் பெங்களூரில் நீ சுகமாக இருக்க வேண்டும்.

போனில் பேசினால் முகத்தைக் காட்டு என்பாய். அதனால்தான் கடிதம். கண்ணுக்கடியில் இருந்த பைகளை ஆபரேஷன் செய்து எடுத்து இன்றோடு இருபத்தாறு நாள். வலது கண் ஆறிவிட்டது. இடது கண்ணில் பத்தாம் நாள் சீழ் வைத்தது. இப்போது சீழ் இல்லை. ஆனால் தழும்பு இறுகி, கீழ் இமையைக் கீழே இழுத்துவிட்டது. மூடினாலும் மூடவில்லை மது, ஒரு கோடு திறந்தே கிடக்கிறது.

“இன்னா விஜயா, ஒரு கண்ணு மட்டும் என்னையே முறைச்சிக்கினு இருக்குது?” என்று அப்பா கேலி செய்தார். நானும் சிரித்தேன். குளியலறைக்குப் போய் அழுதேன். அழுதால் அந்தக் கண் எரிகிறது.

திருப்பருத்திக்குன்றம் கோயிலுக்குப் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. கண்ணை மூடி ஜபம் செய்ய முடியாதவள் அங்கே போய் என்ன செய்வது? பார்வையே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. “எப்பவும் தூக்கம் கெட்டவ மாதிரியே இருக்கீங்களே அண்ணி” என்று உன் அத்தை சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு, நான்தானே டாக்டரைத் தேடு என்று உன்னை நச்சரித்தேன்.

உன் அம்மா

பெங்களூர்,
11.7.2025

அம்மா,

அந்த டாக்டரைத் தேடிப் பிடித்தவள் நான். அவரைச் சும்மா விடமாட்டேன். என் தோழி கிரேஸ் வக்கீல். புகார் எழுதியாகிவிட்டது. “மாத்திரை ஒழுங்கா போடலைனு ஆஸ்பத்திரிக்காரங்க தப்பிச்சுப்பாங்க, மது” என்கிறாள். நீதான் பால் கணக்கு மாதிரி மாத்திரைக்கும் காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்டு எழுதியிருப்பாயே. அந்தப் பக்கத்தை அனுப்பு. நாளைக்கே கண் டாக்டரைப் பார். உனக்கு ஒன்றும் ஆகாதும்மா.

மது

காஞ்சிபுரம்,
15.7.2025

மதுவுக்கு,

நீ கேட்ட பக்கம் இத்துடன் இருக்கிறது. காலைக் கட்டத்தில் டிக். மதியத்தில் டிக். இரவுக் கட்டம் பத்து நாளும் வெறுமை.

பொழுது சாய்ந்தபின் பச்சைத் தண்ணீரும் குடிக்காத சமண வீடு நம் வீடு. இருபத்தெட்டு வருஷ நியமத்தை அழகுக்காக எப்படி உடைப்பேன்? சீழ் வைத்த அன்று டாக்டர், “மாத்திரை எல்லாம் ஒழுங்கா போட்டீங்களாம்மா?” என்றார். “போட்டேன்” என்றேன். உண்மை பேசுவதும் நியமம்தான் என்பது அப்போது தோன்றவில்லை.

நேற்று அப்பாவோடு போய் அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. “ராத்திரி சாப்பிட மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வேற மாத்திரையா மாத்திக் குடுத்திருப்பேனேம்மா” என்றார்.

ஒரு வார்த்தை, மது.

கண் டாக்டரையும் பார்த்தோம். கருவிழி காய்ந்து கீறல் விழுந்திருக்கிறதாம். இமையைத் தூக்கிவிடாவிட்டால் பார்வைக்கு ஆபத்து. 21ஆம் தேதி மறுபடி ஆபரேஷன். பழைய முகம் வராது, கண் மூடினால் போதும் என்கிறார். மாத்திரை காலை ஆறுக்கும் மாலை ஐந்தரைக்கும். நோட்டில் இரண்டு கட்டம்தான் போட்டிருக்கிறேன்.

அப்பா இப்போது கேலி செய்வதில்லை. படுக்கும்போது என் இமையை விரலால் மூடிப் பார்க்கிறார். விரலை எடுத்தால் திறந்துகொள்கிறது.

புகாரைக் கிழித்துப் போடு. 21ஆம் தேதி என் பக்கத்தில் இரு. இது கிடைத்ததும் கூப்பிடு. முகத்தைக் காட்டுகிறேன்.

அம்மா