சுடாத கால்

2024 ஜூலை 13, சனி

சாரல் சீசன். குற்றாலத்தில் கூட்டம் அலைமோதுகிறது. தென்காசியிலிருந்து ஐந்தருவிக்குச் சவாரி மேல் சவாரி. ஆட்டோவை விட்டு இறங்க நேரமில்லை, இறங்காமலும் முடியவில்லை. அப்படி ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வருகிறது. இந்தக் குளிருக்கு எவனுக்குத்தான் வராது? ஆனால் தாகம் ஏனென்று தெரியவில்லை. கலர் வாங்கிக் குடித்துக்கொண்டே இருக்கிறேன்.

சுரண்டைக்காரர் ஒருவர் இறங்கும்போது, "அண்ணாச்சி, ஒரு கால்ல செருப்பக் காணோமே" என்றார். குனிந்து பார்த்தால் வலது கால் வெறுங்கால். எங்கே கழன்று விழுந்ததோ! சிரித்துவிட்டேன்.

ஜூலை 23

முப்பிடாதி அம்மன் கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாயிற்று. இந்த வருஷமும் பூக்குழி இறங்குகிறேன்.

வீடு வீடாக வந்து விரலில் குத்திச் சுகர் பார்க்கிற பிள்ளை வந்தது. காப்புக் கட்டின உடம்பில் ரத்தம் எடுக்கலாமா? போகச் சொல்லிவிட்டேன். குருவம்மாள் பிடித்துக்கொண்டாள். "ஒரு சொட்டு ரத்தந்தானே, கொறஞ்சா போயிருவீய? பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டு மாட்டுதிய, ஆளு பாதியாப் போயிட்டிய!" சீசன் அலைச்சலில் மெலியத்தான் செய்யும். பெண்டாட்டி வாய்க்கு யார் காப்புக் கட்டுவது!

ஆகஸ்ட் 2, ஆடி வெள்ளி

அம்மா தாயே! இறங்கிவிட்டேன். எனக்கு முன்னால் போன விஜய்பாண்டி குதித்துக் குதித்து ஓடினான். நான் தணல் மேல் நடந்தேன், தெருவில் நடக்கிற மாதிரி. போன வருஷம்கூடச் சுள்ளென்று இருந்தது. இந்தத் தடவை சுடவே இல்லை. பெண்கள் குலவை போட்டார்கள். பூசாரி முத்துக்குமாரசாமி அண்ணாச்சி கட்டிப்பிடித்து, "ஏலே செல்லப்பா, ஆத்தா ஒன்னயக் கையில ஏந்திக்கிட்டா" என்றார். அழுதுவிட்டேன். எனக்கா இந்த அருள்?

ஆகஸ்ட் 5

கால்மாட்டில் பாயெல்லாம் ஈரம். இடது காலில் இருந்த சின்னக் கொப்புளம் காய்ந்துவிட்டது. வலது உள்ளங்காலில் பெரிதாக உடைந்திருக்கிறது. குருவம்மாள்தான் பார்த்தாள். வலியே இல்லை. மஞ்சள் அரைத்துப் பூசினோம். ஆஸ்பத்திரிக்குப் போனால் அம்மனைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகாதா?

ஆகஸ்ட் 9

அருவித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு நின்றேன். மூலிகைத் தண்ணீர். ஆறிவிடும்.

ஆகஸ்ட் 14

வண்டிக்குள் நாற்றம். சவாரி வந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு பாதியிலேயே இறங்கிவிட்டார். எலி ஏதும் செத்துக் கிடக்கிறதோ என்று சீட்டைத் தூக்கித் தேடினேன்.

எலி இல்லை.

ஆகஸ்ட் 16

ஆஸ்பத்திரி. சர்க்கரை நானூற்றுக்கு மேல். "எத்தன வருஷமா இருக்கு?" என்றார் டாக்டரம்மா. எனக்குச் சுகரே கிடையாது என்றேன். டெஸ்ட் எடுத்தால்தானே தெரியும்!

கண்ணை மூடச் சொன்னார். வலது காலில் குத்துவாராம், குத்தினால் சொல்ல வேண்டுமாம். காத்திருந்தேன், காத்திருந்தேன். "ஆரம்பிக்கலையாம்மா?" என்றேன். முடித்துவிட்டாராம். இடது காலில் கொஞ்சம் உணர்வு மிச்சமிருக்கிறது, அதையாவது காப்பாற்றிக்கொள்ளச் சொன்னார்.

ஆத்தா ஏந்தல. காலு முன்னமே செத்துப்போச்சு. செத்த கால வச்சுக்கிட்டா நெருப்புல நடந்தேன்? ஐயோ, அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வெரல நீட்டியிருக்கப்படாதா— என்ன மனுசன்லே நீ!

ஆகஸ்ட் 21, திருநெல்வேலி

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

செப்டம்பர் 30

ஆட்டோவை விற்றாயிற்று. பிரேக் மிதிக்கிற காலே இல்லையே. முத்துக்குமாரசாமி அண்ணாச்சி பார்க்க வந்து, "ஆத்தா சோதிக்கா" என்று ஆரம்பித்தார். "ஆத்தாவ இழுக்காதீரும், இது நான் செஞ்ச மடத்தனம்" என்று கத்திவிட்டேன். பாவம், எழுந்து போய்விட்டார்.

2025 ஜூலை 22

இன்று காப்புக் கட்டு. காலையிலிருந்து கொட்டுச் சத்தம்.

தினமும் எனக்கு இன்சுலின் போட்டுவிட்டு, இடது காலை மடியில் வைத்துக்கொள்வாள் குருவம்மாள். நான் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஈர்க்குச்சியால் விரல் விரலாகத் தொட்டுத் "தெரியுதா?" என்பாள். கொஞ்ச நாளாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் முகம் வாடுமே என்று "தெரியுது" என்றே சொல்லிவந்தேன்.

இன்றும் கேட்டாள். தெரியுது என்றேன்.

கண்ணைத் திறந்தேன். ஈர்க்குச்சியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இன்னும் தொடவே இல்லையேங்க" என்றாள்.