அழைப்பு மணியிலிருந்து கழற்றிய சிப்

ஓ கிளேர், விஸ்கான்சின்
ஏப்ரல் 9, 1997

மதிப்பிற்குரிய திருமதி ரோசலின்ட் டீக் அவர்களுக்கு,

நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வேண்டியதை எடுத்துக்கொண்டு ஈடாக ஒன்றைப் போட்டு அனுப்பும் நம் உதிரிபாகப் பெட்டி ஊர் ஊராகச் சுற்றும் வரிசையில் உங்களுக்கு முந்தைய ஆள் நான். திங்கட்கிழமை அதைச் சாதாரணத் தபாலில் உங்களுக்கு அனுப்பினேன். இந்தக் கடிதம் விரைவுத் தபாலில் வருகிறது. பெட்டியை முந்த வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

பெட்டியிலிருந்து ஒரு ரேடியோ வால்வை எடுத்துக்கொண்டேன். எங்கு தேடியும் கிடைக்காத சாமான். அந்தச் சந்தோஷத்தில், எடுத்ததற்கு ஈடாக நல்லதாக ஏதாவது போட வேண்டுமே என்று, குரல் பதியும் புது சிப் ஒன்றைக் கறுப்பு ஸ்பாஞ்சில் குத்தி வைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். மேசையில் அதே மாதிரி இரண்டு சிப்புகள் கிடந்தன. என் கண் இருக்கிற லட்சணத்துக்கு நான் அனுப்பியது மற்றதை.

அது எங்கள் வாசல் அழைப்பு மணியில் இருந்தது. கதவுக்கு வர்ணம் அடிக்கக் கழற்றியிருந்தேன். நேற்று எல்லாவற்றையும் திரும்ப மாட்டி அழுத்தினேன். வெறும் இரைச்சல்தான் வந்தது. மாட்டியது புது சிப் என்று அப்போதுதான் தெரிந்தது.

அதில் என் மனைவி மார்லிஸின் குரல் இருக்கிறது. "யாரா இருந்தாலும் பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வா. உன்னைத்தான் சொல்றேன் ஆர்லன், அங்க என்ன முழிக்கிற?" அவ்வளவுதான். தபால்காரர் அழுத்தினாலும் இதேதான். அவரும் விடாமல், "நான் ஆர்லன் இல்லம்மா, தபால் கொண்டு வந்திருக்கேன்" என்பார். மார்லிஸ் அக்டோபரில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் குரல் வேறெதிலும் இல்லை. போட்டோவுக்கே நிற்கமாட்டாள்.

பெட்டியை நடத்தும் டுவெய்னைக் கூப்பிட்டேன். "பெட்டிக்குள்ள போனது பெட்டிக்குத்தான் சொந்தம், ஆர்லன். உனக்குத் திருப்பிக் குடுத்தா நாளைக்கு ஆளாளுக்குக் கேப்பாங்க. அந்தம்மா நம்பர் எங்கிட்ட இல்ல, நீயே எழுதிக் கேட்டுப் பாரு" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். அதனால் இந்தக் கவரில் புது சிப்பை வைத்திருக்கிறேன். மின்சாரம் அளக்கும் என் நல்ல மீட்டரும் தனித் தபாலில் வருகிறது. பெட்டிக்கு ஒரு குறையும் வேண்டாம்.

கம்பிக் கால்களில் பழைய ஈயப் பற்று ஒட்டியிருக்கும் சிப்தான் மார்லிஸுடையது. மின்சாரம் இல்லாவிட்டாலும் பல வருடங்கள் குரல் அப்படியே இருக்கும். பயம் வேறு எதற்கும் இல்லை, நம் பழக்கத்துக்குத்தான். சிப் கைக்கு வந்ததும் இணைத்து, பதிவுப் பொத்தானை அழுத்தி, "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்லிப் பார்ப்போம். நானும் இதுவரை அப்படித்தான் செய்திருக்கிறேன். அப்படிப் பதிந்தால் பழைய குரல் அழிந்துவிடும். தயவுசெய்து நீங்கள் அதைத் தொடாமல் வைத்திருங்கள்.

ஒருவேளை பெட்டி முந்திக்கொண்டு, நீங்களும் சொல்லிப் பார்த்துவிட்டிருந்தால், மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். மன்னிப்புக் கேட்டும் எழுத வேண்டாம். சிப்பை மட்டும் அனுப்பிவிடுங்கள், உங்கள் ஒன்று, இரண்டு, மூன்றை அழிக்காமல். அதையே வாசலில் மாட்டிக்கொள்கிறேன். யார் குரலும் இல்லாமல் இந்த வீட்டுக்குள் நுழைய எனக்கு இன்னும் பழகவில்லை.

உங்கள் கைகளை நம்பியிருக்கும்,
ஆர்லன் வோக்ட்