மூன்று பேருக்குச் சொன்ன மூன்று விலாசங்கள்

சிகாகோ, தெற்குப் பகுதி
6 மார்ச் 1932

அன்பு மகள் ஐடெல்லாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அலபாமாவில் நீயும் உன் பள்ளிப் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்குச் சலவை வேலை வாரம் இரண்டு நாள், எனக்கு ஒரு நாளும் இல்லை, பீன்ஸும் சோள ரொட்டியுமாக ஓடுகிறது. இதைத் தபாலில் போடாமல் ரயில் சிப்பந்தி எஸ்ரா மாமா கையில் கொடுத்தனுப்புகிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, நீ கட்டிக்கொள்ளப் போகிற ஹார்லனை நான் நம்பவில்லை.

வாடகை கட்டாதவர்களின் சாமானைத் தெருவில் எறிந்தால் எங்கள் வேலையில்லாதோர் சங்கம் போய்த் திரும்ப உள்ளே வைக்கும், நான் மீட்டரைத் தாண்டிக் கம்பி போட்டு விளக்கை எரியவிடுவேன், உனக்குத் தெரிந்ததுதான். ஜனவரியிலிருந்து நாங்கள் போவதற்கு முன்பே போலீஸ் வந்து நிற்கிறது, நாலு தடவை. எங்களில் யாரோ காட்டிக்கொடுக்கிறார்கள் என்று சங்கத் தலைவி மிஸஸ் டார்ப்ளியிடம் சொன்னதற்கு, "லூஷியஸ், உனக்கு எதப் பாத்தாலும் ஷார்ட் சர்க்யூட்டுதான், நம்ம ஆளுங்களையே நம்பலன்னா எதுக்குய்யா சங்கம்?" என்று எரிந்து விழுந்தாள். மின்கோளாறை உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, ஒவ்வொரு கம்பியாகக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். போகும் விலாசம் முன்கூட்டித் தெரிவது சங்கத்தில் எனக்கும் இன்னும் மூன்று பேருக்கும்தான், ஆகவே மறுநாள் போகும் வீடு இது என்று அவளிடம் ஒரு விலாசம், தோல் கிடங்கில் வேலை செய்யும் வில்லர்டிடம் ஒன்று, ஹார்லனிடம் ஒன்று சொன்னேன். மூன்றும் காலி வீடுகள். காலையில் ஹார்லனிடம் சொன்ன வீட்டு வாசலில் மட்டும் இரண்டு வண்டி போலீஸ்.

ஆனால் அந்த வீடு காலியில்லை. போக்கிடமில்லாத ஓப்ரி என்பவர் பின்கதவு வழியாக நுழைந்து மனைவியோடு குடியிருந்திருக்கிறார், அவர் கையை உடைத்துவிட்டார்கள். தினமும் பூட்டின வீட்டில் ஆட்களைக் குடியேற்றுகிறவன் நான், எனக்கே அது தோன்றவில்லை. "வெளக்குகூட ஏத்தாமத்தானே இருந்தோம், போலீசுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?" என்று அந்தம்மாள் என்னிடமே கேட்டாள்.

ஹார்லனிடம் நேராகவே கேட்டேன். "என்ன மாமா, அடுத்து உங்க நிழலையே நிறுத்தி விசாரிப்பீங்க போல" என்று சிரித்தான், அந்த விலாசத்தைத் தன் அம்மாவிடம் சொல்லியிருப்பேன் என்றான். இருக்கலாம், ஒரு சோதனையில் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் கிளம்பும்போது, "ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்சதும் அங்க குத்தகைக்காரங்க கூடுறாங்கன்னு ஐடெல்லா எழுதினாளே, எத்தன பேரு மாமா வருவாங்க?" என்றான். எத்தனை பேர் என்பது அவனுக்கு எதற்கு? வியாழக்கிழமை அங்கே வந்து இறங்குகிறான்.

உனக்கும் எனக்கும் பத்தொன்பது வயதுதான் வித்தியாசம், காதலைப் பற்றிப் பாடம் நடத்த நான் வரவில்லை. அங்கே குத்தகைக்காரர்கள் ரகசியமாகக் கூடுவது நிலச்சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தால் கை உடைவதோடு நிற்காது. அதை அவனுக்கு எழுதியே இருக்கக் கூடாது நீ. வந்தால் சோறு போடு, நல்லபடியாகப் பேசு, யார் பெயரையும் சொல்லாதே. நான் நினைத்தது தப்பென்றால் கல்யாணத்தன்று எல்லார் முன்னாலும் அவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

கர்த்தர் உன் வாசலைக் காக்கட்டும், அம்மாவின் முத்தங்கள். படித்ததும் இதை அடுப்பில் போடு. குத்தகைக்காரர்களைக் கூடும் இடத்தை மாற்றச் சொல், மாற்றிய இடத்தை உன்னிடமும் சொல்ல வேண்டாம் என்று சொல்.

உன் அப்பா,
லூஷியஸ்