வலது தோளும் வீச்சு ரொட்டியும்

ஜூலை 8, செவ்வாய்
மேற்கேயிருந்து கச்சான் காற்று, நல்ல சூடு. கடைக்குப் போகாமல் மூன்றாவது நாள். வலது கை தோளுக்கு மேலே எழவில்லை. பதினெட்டு வருஷம் ரொட்டி வீசிய கை! கல்முனையில் என்னைவிட மெல்லிசாய் வீசுகிறவன் இருந்தால் வரட்டும், பார்ப்போம்.

காலை பிசியோ மிஸ்ஸிடம். காரைதீவுக்காரி, ஆனாலும் எங்கள் வழக்கில் அண்ணனைக் காக்கா என்பார். அவர் தூக்கினால் கை முழுதாய்ப் போகிறது. நானாய்த் தூக்கினால் பாதியில் நிற்கிறது. "காக்கா, தொழுகையில தக்பீர் கட்டுற மாதிரி ரெண்டு கையையும் காது வரைக்கும் தூக்கிக் காட்டுங்க" என்றார். தூக்கினேன். "பாருங்க, கை எழும்ப முந்தித் தோள் எழும்புது. தலையும் சரியுது." கண்ணாடியில் உண்மைதான். கையைக் காதுக்குக் கொண்டுபோகாமல் காதைக் கைக்குக் கொண்டுபோகிறேன். எத்தனை மாதம் இப்படித் தொழுதேனோ.

மறக்காமல் இருக்க:
– தோளில் உருண்டையாய்த் தெரியும் பெரிய சதை கையைத் தூக்கும்.
– தோள்பட்டையிலிருந்து வரும் நாலு சின்னச் சதை கை எலும்பின் தலையைக் குழிக்குள் பிடித்து வைக்கும். அதில் மேலே உள்ளது தூக்கலைத் தொடக்கிவைக்கும். எனக்குக் கெட்டது அதுதான்.
– அது பிடிக்காவிட்டால் எலும்பு மேலே ஏறி நசுக்கும். கழுத்துச் சதை உதவிக்கு ஓடி வரும்.

பயிற்சி: முழங்கையை விலாவோடு வைத்து மெல்லிய ரப்பர் பட்டியை வெளிப்பக்கம் இழுக்க. மெதுவாக. 10 × 3.

முதலாளி போன். "ஆறு கிழமை பாப்பன். மறுகா அக்கரைப்பற்றால ஆள் எடுக்கத்தான் வேணும்." சரி என்றேன். காலண்டரில் ஆறு வாரம் எண்ணி ஆகஸ்ட் 19ஐ வட்டமிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி
அந்த ரப்பர் பட்டி எனக்கு வெட்கம். மா மூடையைத் தனியாகத் தூக்குகிறவன் நான். சைக்கிள் டியூபை வெட்டி ஜன்னல் கம்பியில் கட்டி நூறு தரம் இழுத்தேன். மனைவி பௌசியா: "மிஸ் சொன்னத்த விட்டுட்டு என்னத்துக்கு இந்த வேல?" ஜும்ஆவுக்குச் சட்டை போட முடியவில்லை. அவள்தான் கையை நுழைத்துவிட்டாள்.

ஜூலை 15, செவ்வாய்
மிஸ்ஸிடம் டியூப் விஷயத்தை மறைக்கத்தான் பார்த்தேன். கையைத் தொட்டதுமே பிடித்துவிட்டார். "பாரம் கூடினா பெரிய சதை வேலயப் பறிச்சிரும் காக்கா. சின்னதுக்கும் வேல குடுங்க." கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து பட்டியை எடுத்தேன்.

ஆகஸ்ட் 2, சனி
தோள் அசையாமல் கை காதுக்கு வந்தது. சுபஹானல்லாஹ்.
கடைக்குச் சும்மா போய்ப் பார்த்தேன். ரொட்டி வீசும் மேசை என் நெஞ்சு உயரம்! முதலாளியைப் பெற்ற வாப்பா நெட்டை ஆள், தன் அளவுக்குச் செய்வித்தது. ஒவ்வொரு வீச்சுக்கும் முழங்கை தோளுக்கு மேலே போயிருக்கிறது. இதை எந்த மிஸ்ஸும் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன்.
காலுக்கடியில் மேடை போட வாங்க வேண்டியது: தடித்த பலகை, நாலு அங்குல ஆணி.

ஆகஸ்ட் 16, சனி
பின்னேரம். பலகை மேடையில் ஏறி நின்றேன். "மேடை போட்டு ரொட்டி வீசுறவன இப்பதான் காணுறன்" என்று முதலாளி சிரித்தார். முதலாவது கிழிந்தது. இரண்டாவது விரிந்தது. பத்து, இருபது. முழங்கை கீழேயே இருந்தது. வலி இல்லை.
முதலாளி அக்கரைப்பற்று ஆளுக்குப் போன் போட்டார். "தம்பி, நீ வர வேணாம். நம்முட ஆள் வந்துட்டான்."
அழுகை வந்துவிட்டது. வெங்காயம் வெட்டுகிற பக்கம் போய் நின்றுகொண்டேன்.