தேத்தூள் இல்லாத பார்சல்

ரந்தாவ்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஷாமினிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நல்ல சுகம். டப்ளினில் நீயும் மாப்பிள்ளை புனிதனும் உன் வயிற்றில் இருக்கும் சின்ன ஆளும் குறையில்லாமல் இருக்க ஆத்தா மாரியம்மன் பார்த்துக்கொள்வாள், அவளுக்கு அதைவிட வேறென்ன வேலை. ஒரு வாரமாகச் சாயங்காலம் தவறாமல் மழை, அம்மா காயப்போட்ட மிளகாயை உள்ளேயும் வெளியேயும் தூக்கிக்கொண்டு மழையைத் திட்டுகிறாள். பக்கத்து வீட்டுச் செல்லம் அக்கா மகன் புது லோரி வாங்கி அதை நம் வாசலை மறித்து நிறுத்துகிறான், நான் கேட்டால் நாளைக்கு எடுத்துடறேன் அங்கிள் என்கிறான், அந்த நாளை இன்னும் வரவில்லை. ஃபோன் இருக்கும்போது அப்பா ஏன் பேனாவை எடுத்தார் என்று நீ நினைப்பாய். ஃபோனில் நான் எதைச் சொன்னாலும் சரிப்பா சரிப்பா, அம்மாகிட்ட குடுங்க என்பாய். காகிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாது, அதனால்தான் பார்சலோடு சேர்த்து இதை அனுப்புகிறேன்.

போன வாரம் நீ அம்மாவிடம் அழுதது எனக்குத் தெரியும். அவள் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுத்தான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், நான் பக்கத்திலேயே இருந்தேன். ஏழு மாசம் முடியப்போகிறது, இரும்புச் சத்து மாத்திரை விழுங்கியும் ரத்தம் ஏறவில்லை, இப்படியே இருந்தால் இரும்பை டிரிப்ஸ் வழியாக ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாய். என் உடம்புல எதுவுமே ஒட்ட மாட்டேங்குதும்மா, பிள்ளைக்கு நான் எதைக் குடுப்பேன் என்று நீ கேட்டபோது அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். ஆனால் அடுத்து நீ சொன்னதைக் கேட்டதும் எனக்குத் தெளிவு வந்துவிட்டது. மாத்திரை போட்டால் குமட்டுகிறது, அதனால் அப்பா அனுப்பின தேயிலைத் தூளில் பால் கலக்காமல் கடுந்தேத்தண்ணி போட்டு அதோடுதான் விழுங்குகிறேன், சாப்பாட்டுக்கும் அதுதான் என்றாய். நீ பொழுதுபோகக் குடிக்கிறாய் என்றுதான் இத்தனை நாள் ஒவ்வொரு பார்சலிலும் தேத்தூளை அடைத்து அனுப்பினேன். ஆயி, கோளாறு அந்தக் கிளாஸில்தான் இருக்கிறது, உன் உடம்பில் இல்லை. இதை இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால் அதே கோளாறு எனக்கும் வந்ததுதான் காரணம். வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் எதற்கு என்று சொல்லாமல் வைத்திருந்தேன்.

தைப்பூசத்துக்கு முன்னால் கோயில் மண்டபத்தில் ரத்த தான முகாம் நடந்தது. வருஷா வருஷம் கொடுப்பவன் அல்லவா, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றேன், பயந்து பின்வாங்கிய இளவட்டங்களிடம் இரண்டு வார்த்தை வீரமும் பேசினேன். ரத்தம் எடுக்க வந்த மிஸ்ஸி என் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, அங்கிள் நீங்க குடுக்க வேணாம், உங்களுக்கே யாராவது குடுக்கணும் என்றாள். அதற்குள் உன் அம்மா, ஈர்க்குச்சி மாதிரி இருப்பவள், கொடுத்து முடித்து மைலோ குடித்துக்கொண்டிருந்தாள். அவள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இன்னும் முடியவில்லை. அப்புறம் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் குழாய் விட்டெல்லாம் பார்த்தார்கள், உள்ளே எங்கேயும் ரத்தம் கசியவில்லை. டாக்டரம்மா என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். உனக்குப் பிள்ளை பிறக்கும்வரை கவிச்சி தொடமாட்டேன் என்று நான் உன் கல்யாணத்தன்றே நேர்ந்துகொண்டது உனக்குத் தெரியும், அதனால் கீரை, பருப்பு, கொண்டைக்கடலை என்று பெருமையாக அடுக்கினேன். கூட என்ன குடிப்பீர்கள் என்றார். கடுந்தேத்தண்ணி என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். ரத்தம் சிவப்பாக இருப்பதும் நாம் இழுக்கிற மூச்சை உடம்பு முழுக்கச் சுமந்து போவதும் இரும்பால்தான். உன் ரத்தம்தான் குழந்தைக்கும் வேண்டியதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, பிறந்து சில மாசத்துக்கு வேண்டிய இரும்பையும் குழந்தை உன்னிடமிருந்துதான் சேர்த்துவைத்துக்கொள்ளும். தேத்தண்ணியில் இருக்கும் துவர்ப்பு கீரையில், பருப்பில், மாத்திரையில் இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. மழை வருகிற நேரத்தில் செம்பனைக்கு உரம் போட்டால் எல்லாம் கால்வாயோடு போகுமே, அந்தக் கதைதான். இது நாம் தோட்டத்து லயத்தில் குடியிருந்தபோது வந்த பழக்கம். லயத்துக் குழாயில் தண்ணீர் கலங்கலாக வரும், அதனால் கொதிக்கவைத்த தேத்தண்ணியில்தான் நமக்குச் சோறும் இறங்கும், மாத்திரையும் இறங்கும். இப்போது நல்ல தண்ணீர் வருகிறது, பழக்கம் மட்டும் நம்மோடு லோரி ஏறி டவுனுக்கு வந்து உன்னோடு விமானமும் ஏறிவிட்டது. நான் விரதத்தை விடவில்லை. அவர் கொடுத்த மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கினேன், தேத்தண்ணியைச் சாப்பாட்டிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி வைத்தேன், சோற்றோடு எலுமிச்சை பிழிந்துகொண்டேன். போன மாசம் மறுபடியும் நடந்த முகாமில் அதே மிஸ்ஸி என் ரத்தத்தை எடுத்துக்கொண்டாள். அம்மா பார்க்கவேண்டும் என்று கட்டு போட்ட கையை மடக்காமலேயே வீடு வரைக்கும் வந்தேன்.

ஆகவே நீ செய்யவேண்டியது, மாத்திரையைத் தண்ணீரோடு அல்லது ஆரஞ்சுச் சாற்றோடு போடு, அந்தப் புளிப்பு இரும்பை உள்ளே சேர்த்துவிடும். பாலோடும் போடாதே, பால் எலும்புக்கு வேண்டும், அதை வேறு நேரத்தில் குடி. குமட்டினால் அங்கே டாக்டரிடம் சொல், வேறு மாத்திரை இருக்கும், தேத்தண்ணி குடித்ததையும் ஒளிக்காமல் சொல். விரதம் எனக்குத்தான், உனக்கில்லை. கோழி, மீன், நெத்திலி எல்லாம் சாப்பிடு, அதில் உள்ள இரும்பு சுலபமாகச் சேரும், குழந்தைக்குச் சதை வளரவும் அது வேண்டும். ஈரல் மட்டும் வேண்டாம், நான் ஈரல் சமைத்துக் கொடுக்கச் சொல்லி மாப்பிள்ளைக்கு எழுதப் போனேன், அதில் வைட்டமின் ஏ அளவுக்கு மேல் இருக்கிறது, கர்ப்பிணிக்கு ஆகாது என்று டாக்டரம்மா தடுத்துவிட்டார். எல்லாம் தெரியும் என்று உன் அப்பா பேசினாலும் கேட்டுத்தான் எழுதுகிறேன். இத்தனைக்கும் மேல் டிரிப்ஸ் ஏற்றவேண்டும் என்றால் தயங்காமல் ஏற்றிக்கொள், அதில் உனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. என் உடம்பில் ஒட்டவில்லை என்று மட்டும் இனிமேல் சொல்லாதே. அந்த உடம்பை எனக்குத் தெரியும், அதில் எல்லாம் ஒட்டும்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். நீயும் பிள்ளையும் நிறைந்த ஆயுசோடும் நல்ல ரத்தத்தோடும் இருக்கவேண்டும். பார்சலில் எலுமிச்சை ஊறுகாய், நெத்திலி, அம்மா தைத்த சின்னச் சட்டைகள் இருக்கின்றன. அடியில் வழக்கமான தேத்தூள் டின்னும் இருக்கிறது, பார்த்ததும் சந்தோஷப்படாதே, காலி டின்தான். பத்திரமாக வைத்திரு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும்போது அதையும் கொண்டுவா, நிரப்பித் தருகிறேன்.

உன் அப்பா,
அர்ச்சுனன்