நான்கு போல்ட்டுகள் போதாது

சேசு மரி சூசை துணை

ராயபுரம்
1934 ஜூலை 24

நேச மகன் லூயிசுக்கு அம்மா எழுதுவது. மலாயா கிள்ளானில் உனக்கும் மருமகள் ஜெரினாவுக்கும் சர்வேசுரன் உடல் நலம் தர வேண்டுகிறேன். இங்கே யாவரும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவது வழக்கம், இம்முறை அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. தம்பி பாஸ்கலுக்குக் காயம், உன் பஸ்ஸை ஓட்டாதே என்று மட்டும்தான் தந்தியில் சொல்ல முடிந்தது. காயம் என்ன என்பதை இப்போது சொல்கிறேன். அவனுடைய வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான், கஞ்சி கொடுத்தால் மட்டும் திரும்பிக் குடிக்கிறான். வருகிறவர்கள் பாவம் பாவம் என்கிறார்கள். அந்த வார்த்தையை வெளியிலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். செபமாலையைக் கையில் எடுக்கிறேன், பாதியில் எந்த மணியில் இருக்கிறேன் என்பதே மறந்துபோகிறது.

நடந்தது இதுதான். இராயப்பர் திருநாளன்று தேருக்குப் பின்னால் நம் கோயிலைச் சேர்ந்தவர்களின் கார்கள் வரிசையாகப் போவதும் சாமியார் தீர்த்தம் தெளிப்பதும் உனக்குத் தெரியும். இந்த வருஷம் நம் வாடகைக் கார்தான் எல்லாவற்றிலும் அழகாயிருக்க வேண்டும் என்று பாஸ்கலுக்கு ஆசை. துறைமுகத்தில் கப்பலுக்கு வர்ணம் அடிக்கும் சிநேகிதனிடமிருந்து தடித்த சிவப்பு வர்ணம் வாங்கிவந்து, சக்கரங்களைக் கழற்றி, முன்னும் பின்னும் போல்ட்டுத் துளைகளின் ஓரமுமாக இரண்டு பூச்சுப் பூசி, ஈரம் காயுமுன்னே மாட்டிவிட்டான். ஊரெல்லாம் மெச்சியது. அடுத்த வாரமே நட்டுகள் தளர்ந்திருக்கின்றன. தினம் காலையில் இறுக்கினான், மாலையில் மறுபடி தளர்ந்தன. ஒரு போல்ட்டு முறிந்தபோது மீதி நான்கு இருக்கிறதே என்று ஓட்டிக்கொண்டு போனான். எண்ணூரில் மகளைப் பார்க்கப் போன காத்தூன் பீவிதான் அன்று வண்டியில் இருந்தாள். கையில் கட்டோடு வந்து என்னிடம் சொன்னாள்: திருவொற்றியூர் தாண்டியதிலிருந்தே டக் டக் என்று சத்தமாம். "நைனா, சக்கரம் இன்னாவோ கத்துது, எறங்கிப் பாரு" என்றாளாம். "அது புது பெயிண்டு பீவி, நம்ள பாத்து சிரிச்சிகினு கீது" என்றானாம் உன் தம்பி. இதைச் சொல்லி அவள் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றாள். அதற்குப் பிறகு முன் சக்கரம் தனியாக மணலில் ஓடுவதை அவள் பார்த்திருக்கிறாள். வண்டி புரண்டு அவன் கால்மேல் விழுந்தது.

முறிந்த போல்ட்டுகளை எடுத்துவரச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தேன். தையலை எப்போதும் பின்புறம் திருப்பிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள் கன்னியாஸ்திரிகள், அந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போகவில்லை. முறிந்த முகத்தில் பாதி துருவேறிப் பழுப்பாக இருந்தது, மீதிப் பாதி புதுக் காசு போல மின்னியது. அப்படியானால் பாதி போல்ட்டு முன்னமே விரிசல் விட்டிருக்கிறது, மீதிப் பாதியை நம்பித்தான் இவன் ஆள் ஏற்றியிருக்கிறான். தண்டையார்பேட்டைப் பட்டறை அலி அக்பரிடம் கொண்டுபோனேன். பழி சொல்ல வந்தேன் என்று நினைத்து அவன் எகிறினான். "எம்மேல இன்னா கோவம்மா? ரெண்டு மொழ பைப்ப ஸ்பானர்ல சொருவி மேல ஏறிக் குதிச்சிகினு இருந்தான் ஒங்க புள்ள. வேணாண்டான்னேன். போ மாமு, நீ கெழவி மாதிரி திருவுறேன்னான்" என்றான். பிறகு தணிந்து சொன்னான்: நட்டுக்கு அடியில் இருப்பது இரும்பாக இருந்தால் பிடி நிற்கும், வர்ணமோ துருவோ இருந்தால் அது நசுங்க நசுங்கப் பிடி போய்விடும். பிடி போனால் சக்கரம் ஆடும், ஆட ஆட போல்ட்டு வளைந்து வளைந்து விரிசல் விடும். பைப்பு வைத்து இழுத்தால் போல்ட்டு நீண்டுபோகும், நீண்டது திரும்புவதில்லை.

லூயிஸ், பாஸ்கலும் நீயும் அந்த ஒரே பட்டறையில்தான் கை பழகினீர்கள். போன மாதக் கடிதத்தில் நீ என்ன எழுதினாய் என்பதை நினைத்துப் பார். பின் சக்கரத்தில் ஒன்று முறிந்துவிட்டது, மற்ற நான்கையும் பைப்பு வைத்து இறுக்கிவிட்டேன், நான்கு போதும் அம்மா என்று எழுதியிருந்தாய். போதாது. முறிந்ததன் பாரத்தைச் சுமந்தவை அந்த நான்கும், அவற்றையும் எடுத்து எறிந்துவிட்டு ஐந்தும் புதிதாகப் போடு. சக்கரம் பொருந்தும் இடத்தில் துரு, மண், வர்ணம் எதுவும் இல்லாமல் இரும்பு தெரியச் சுரண்டு. நட்டை முதலில் விரலாலே ஏற்று, விரலுக்கு ஏறாவிட்டால் திருகின் மரை கெட்டுவிட்டது என்று அர்த்தம். ஒன்றை இறுக்கினால் அடுத்து எதிர்ப்பக்கத்தது, பக்கத்திலுள்ளதை அல்ல. வண்டியோடு வந்த ஸ்பானரும் உன் கைப்பலமும் போதும். கொஞ்ச தூரம் ஓட்டியபின் நிறுத்தி மறுபடி இறுக்கிப் பார், அதன்பின்னும் தளர்ந்தால் இறுக்கிக்கொண்டே இருக்காதே, கழற்றிக் காரணம் தேடு. தோட்டத்து ஆட்களைக் கூரைமேல் ஏற்றாதே. இதையெல்லாம் எழுதும்போதே நீ சிரிப்பது எனக்குக் கேட்கிறது. நான் சொல்லி நீங்கள் இருவரும் எதைக் கேட்டிருக்கிறீர்கள்?

என் தந்திக்கு நீ அனுப்பிய பதில், வண்டி நன்றாக ஓடுகிறது, கவலை வேண்டாம் என்பது. அதைக் கண்ட அன்றே உனக்கு எழுதுவதை விட்டு ஜெரினாவுக்கு எழுதி, முந்திய கப்பலில் சேர்த்துவிட்டேன். பஸ்ஸைச் சுழற்றிக் கிளப்பும் கைப்பிடியை எடுத்து ஒளித்து வை, அவன் கத்தினாலும் கொடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன். அவளைக் கோபிக்காதே, கட்டளை என்னுடையது. அவள் எனக்குக் கீழ்ப்படிந்தாளா என்பதை அறிய இங்கிருந்து எனக்கு வழியில்லை. ஒரு பிள்ளையை முதுகுப்புறமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இன்னொரு பிள்ளை எந்தச் சாலையில் இருக்கிறான் என்று தெரியாது.

தேவமாதா உன்னையும் உன் மனைவியையும் காப்பாளாக. தினம் இரவு தம்பிக்காக ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல். இந்தக் கடிதத்தைப் பிரிப்பது நீயாக இருக்க வேண்டும், வேறொன்றும் கேட்கவில்லை.

உன் தாய்
ஞானபாக்கியம்